அப்பாவின் கப்பல் டிக்கெட்டும் சிவாஜியும்

ரங்கூனில் இருக்கும் என்னிடம், பர்மாவின் இன்னொரு ஊரான மௌல்மெய்னிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருப்பது:

"பராசக்தியை நேற்றுதான் முதன்முறையாக முழுதாகப் பார்த்தேன். சிவாஜி நடிக்கிறாரா, சண்டை போடுகிறாரா? பக்கத்தில் நிற்பவரிடம் பேச எதற்கு அவ்வளவு குரல்? கன்னம், புருவம், விரல் எல்லாம் தனித்தனியாக நடிக்கின்றன. நம் பெரியவர்கள் இவரை ஏன் அப்படிக் கொண்டாடினார்கள்? ரங்கூனைப் பற்றிய படம் என்பதாலா? அப்படியானால் அதில் ரங்கூன் எங்கே இருக்கிறது?"

21 ஜூலை 2019, காலை

நல்ல நாள் பார்த்துக் கேட்டீர்கள். இன்று அவர் இறந்த நாள். 2001-இல் இதே தேதி.

தம்பி, நீங்கள் பார்த்தது சினிமா நடிகரை அல்ல. அப்போதுதான் மேடையிலிருந்து இறங்கி வந்த ஒரு நாடகக்காரரை. விழுப்புரத்தில் 1928 அக்டோபர் 1-ஆம் தேதி பிறந்த கணேசன், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தான் ஓர் அநாதை என்று பொய் சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். வீட்டில் அப்பா சின்னையா மன்றாயர், அம்மா ராஜாமணி அம்மாள் எல்லோரும் இருந்தார்கள். கம்பெனியில் பெண் வேடம் போட்டார், கிடைத்த வேடமெல்லாம் போட்டார். ஒலிபெருக்கியை நம்பி வாய் திறக்க முடியாத காலம் அது. கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்து கடலை உரிக்கிறவனுக்கும் வசனம் கேட்க வேண்டும், புருவம் ஏறுவது தெரிய வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் அப்படியே பழகிய உடம்பை 24 வயதில் கொண்டுபோய்க் கேமரா முன்னால் நிறுத்தினால் அது என்ன செய்யும்?

அண்ணாதுரை எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்ததைப் பார்த்து அண்ணாவே "சிவாஜி" என்று பெயர் வைத்தார். பட்டமே மேடையில் வாங்கியது.

வேலைக்குப் போகிறேன். ரங்கூன் எங்கே என்பதற்கு இரவு எழுதுகிறேன்.

21 ஜூலை, இரவு

ரங்கூன் படத்தில் கொஞ்ச நேரம்தான் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை முழுவதையும் தள்ளிக்கொண்டு போவது ரங்கூனில் கிடைக்காமல் போன கப்பல் டிக்கெட்டுகள். சந்திரசேகரன், ஞானசேகரன், குணசேகரன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இங்கே. தங்கை கல்யாணி மதுரையில், அவளுக்குக் கல்யாணம். யுத்த நேரம், ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது. கடைசித் தம்பியை ஏற்றிவிடுகிறார்கள். மற்றவர்கள் பின்னால் நடந்தே போகிறார்கள். கப்பலும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு நடக்கும் அத்தனை நாசமும் அந்த ஒரு டிக்கெட்டில் ஆரம்பிக்கிறது.

இது கருணாநிதி உட்கார்ந்து கற்பனை செய்ததல்ல (மூலக்கதை பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம், அது வேறு விஷயம்). 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் முதல் குண்டு விழுந்தபோது ஜனங்கள் தெருவில் நின்று ஆகாயத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1942 மார்ச்சில் நகரமே ஜப்பான் கையில். அதற்கு முன்னும் பின்னுமாகக் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவன் பாக்கியவான். மற்றவர்கள் டௌங்குப் கணவாய் வழியாக அரக்கானுக்கும், சின்ட்வின் ஆற்றைத் தாண்டித் தமு வழியாக இம்பாலுக்கும் நடந்தார்கள். காலராவில் போனவர்கள் பல்லாயிரம் பேர்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. தாத்தா கையில் ஒரு டிக்கெட் இருந்தது. துறைமுக வாசலில் அதைச் சின்னத் தாத்தா சட்டைப் பையில் திணித்து, "நீ போ, நான் நடந்து வருகிறேன்" என்று தள்ளிவிட்டார். சின்னத் தாத்தா அழுதுகொண்டே ஏறினார். அப்பா இதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. சொல்லும்போது தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார். இந்தக் கதை உள்ள வீட்டில் சிவாஜி கத்தினால் கத்தல் என்று யார் சொல்வார்கள்?

24 ஜூலை

பிழை. பெயர் வைத்தது அண்ணா அல்ல, பெரியார். நாடகம்தான் அண்ணா எழுதியது. பெகுவிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினார், நியாயம்தான். ஈரோட்டுக்காரர் போட்ட பெயரைக் காஞ்சிபுரத்துக்காரர் கணக்கில் எழுதிவிட்டேன்.

படம் வந்தது 1952 அக்டோபர் 17, தீபாவளி. இதில் பிழை இல்லை.

இன்னொன்றும் சொல்ல விட்டுப்போனது. இவரைப் படத்தில் போடுவதில் ஏவி.எம். தரப்புக்கு விருப்பமே இல்லை. ஆள் ஒல்லி. நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார்தான் வேலூரில் இவர் நூர்ஜஹானாகப் பெண் வேடம் போட்டதைப் பார்த்துவிட்டு, இந்தப் பையன்தான் என்று பிடிவாதமாக நின்றார். மாதச் சம்பளம் 250 ரூபாய். அந்த நன்றியைச் சிவாஜி கடைசிவரை மறக்கவில்லை, பொங்கல் தோறும் வேலூருக்குச் சீர் கொண்டுபோனார். பெண் வேடத்தில் பார்த்த ஒருவரைக் குணசேகரனாக நினைத்துப்பார்க்கிற கண் வேண்டுமே. அது எனக்கு இல்லை. எங்கள் கோயில் நாடகத்தில் நான் கிருஷ்ணன் வேடத்துக்குத் தேர்ந்தெடுத்த பையன் மேடையில் தூங்கிவிட்டான்.

4 ஆகஸ்ட்

இரண்டு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன். நீளமாகப் போகும்.

நான் 1966-இல் பிறந்தவன். நான் பிறந்த சமயத்தில் இங்கே தனியார் பள்ளிகள் எல்லாம் அரசுடைமையாகித் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. கடைகள் போயின, 50 சாட் 100 சாட் நோட்டுகள் 1964-இல் ஒரே நாளில் செல்லாமல் போயின, சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கப்பலேறிப் போனார்கள். மிஞ்சியவர்கள் வீட்டில் தமிழ் பேசினோம், வெளியில் பர்மிய மொழி. எழுதப் படிக்க அதுதான். எனக்கும் அக்காவுக்கும் தமிழ் எழுத்து கிடையாது.

எண்பதுகளின் ஆரம்பத்தில் யாரோ ஒரு கப்பல்காரர் சிங்கப்பூரிலிருந்து இரண்டு கேசட் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று திருவிளையாடல் வசனம், இன்னொன்றில் ஒரு பக்கம் கட்டபொம்மன், மறுபக்கம் பராசக்தி நீதிமன்றக் காட்சி. மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துப் போட்டுப் போட்டு நாடா தேய்ந்துகொண்டே வந்தது. தேய்ந்துபோவதற்குள் எழுதிவைத்துவிட வேண்டும் என்று அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். எந்த எழுத்தில் எழுதுவாள்? பர்மிய எழுத்தில்.

அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. நீல மை பாதி ஊறிப் பரவிவிட்டது. பர்மிய எழுத்தில் தமிழ் வசனம், வரிக்கு வரி. சிவாஜி மூச்சு வாங்குகிற இடங்களுக்கெல்லாம் அக்கா குறி போட்டிருக்கிறாள். அந்த எழுத்தே வட்டம் வட்டமாக இருப்பதால், குறி தனியாகத் தெரிய வேண்டும் என்று பெருக்கல் குறி. ஒரே பக்கத்தில் பதினேழு எண்ணினேன். ழ-வுக்கு அங்கே எழுத்து இல்லை. அப்பாவிடம் கேட்டு அந்த ஓர் எழுத்தை மட்டும் தமிழில் கற்றுக்கொண்டு, வட்டங்களுக்கு நடுவில் கொக்கி மாதிரி மாட்டிவைத்திருக்கிறாள். நோட்டு முழுவதிலும் உள்ள தமிழ் எழுத்து அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுப் பர்மியத் தோழி ஒருநாள் அட்டையில் இருந்ததை உரக்கப் படித்தாள். பர்மிய 'ர' எழுத்தை அவர்கள் 'ய' என்றுதான் வாசிப்பார்கள். "பயாசக்தி" என்றாள். பயா என்றால் அவர்கள் மொழியில் கடவுள், கோயில். பாதி அர்த்தம் தானாகவே வந்துவிட்டது என்று அப்பா சிரித்தார்.

சொல்ல வந்தது வேறு. நோட்டில் சிவாஜி பேசும் வரிகள் மட்டும் முழுதாக இருக்கின்றன. எதிரில் இருப்பவர்கள் பேசும் இடங்களில் அக்கா பல வரிக்கு வெறும் கோடு இழுத்துவிட்டிருக்கிறாள். காதில் விழவில்லை. தேய்ந்த நாடாவில் மற்றவர்கள் பேசுவது இரைச்சலோடு கலந்துபோகிறது, இவர் பேசுவது மட்டும் ஒவ்வோர் எழுத்தாக நிற்கிறது. நீங்கள் மிகை என்று சொல்கிறீர்களே தம்பி, அந்த மிகையில்தான் நானும் அக்காவும் ற-வுக்கும் ர-வுக்கும் வித்தியாசம் படித்தோம்.

5 ஆகஸ்ட்

எம்.ஜி.ஆர். பேச்சை இங்கே எடுக்க வேண்டாம். அந்தச் சண்டையில் எங்கள் கோயில் நிர்வாகக் குழு இரண்டாக உடைந்து மூன்று வருடம் ஆடித் திருவிழாவுக்கு இரண்டு நன்கொடை நோட்டு ஓடியது.

6 ஆகஸ்ட்

சரி, எடுத்துவிட்டீர்கள். அரசியலில் சிவாஜி தோற்றார், உண்மை. தி.மு.க. மேடையில் வளர்ந்தார், திருப்பதிக்குப் போனதற்காக ஏச்சு வாங்கி விலகினார், காமராஜர் பின்னால் நின்றார், ராஜ்ய சபாவுக்குப் போனார், 1988-இல் தமிழக முன்னேற்ற முன்னணி என்று சொந்தக் கட்சி கண்டார், 1989-இல் திருவையாற்றில் தோற்றார். அதோடு சரி. ஜெயித்த தி.மு.க. வேட்பாளர் பெயர் துரை சந்திரசேகரன். பராசக்தியில் நீதிபதியாக உட்கார்ந்திருக்கும் அண்ணன் பெயரும் சந்திரசேகரன். முப்பத்தேழு வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் நூறு பேரை அழவைத்தவருக்கு ஓட்டுக் கேட்கத் தெரியவில்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை.

18 ஆகஸ்ட்

"அவருக்கு அடக்கி நடிக்கவே தெரியாதா" என்று தம்பி விடாமல் கேட்கிறார். 'அந்த நாள்' பாருங்கள். 1954, எஸ். பாலச்சந்தர் இயக்கம். பராசக்தி வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. படம் தொடங்கும்போதே சிவாஜி பிணம். ஜப்பானுக்கு ரகசியம் விற்கிற ரேடியோ எஞ்சினியர், துரோகி. நட்சத்திரமாகிவிட்ட ஒருவர் இதற்கு எப்படி ஒப்புக்கொண்டார் என்பதே ஆச்சரியம். அதில் குரலைக் கீழே இறக்கித்தான் பேசுகிறார். கதை 1943 அக்டோபரில் சென்னை மேல் ஜப்பான் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிறது. ரங்கூனில் உட்கார்ந்து பார்க்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அந்த ஒரு குண்டுக்கு ஒரு படமா, எங்களுக்கு விழுந்ததற்கு எத்தனை எடுப்பது?

'ரங்கூன் ராதா' (1956) கேட்டீர்கள். தலைப்பை நம்பிப் போய் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அண்ணாவின் நாவல், சிவாஜி மனைவியைப் பைத்தியம் என்று முத்திரை குத்தும் கொடுமைக்காரக் கணவன், பானுமதி அந்த மனைவி. ரங்கூன் அவள் தப்பித்துப் போகிற ஊர். தமிழ்நாட்டுக் கதைகளில் ரங்கூன் ஒரு பரண். வேண்டாதவர்களை அதில் ஏற்றி வைப்பார்கள், தேவைப்படும்போது பணக்காரராக இறக்கிக்கொள்வார்கள். பரணில் இருப்பவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. (மோகிங்கா என்ற மீன் சாறு நூடுல்ஸ். இன்று காலையும் அதுதான்.)

1 செப்டம்பர்

இதை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதாமல் விட்டால் தூக்கம் வராது.

நேற்று அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். அப்பாவுக்கு மூத்தவர், 85 வயது. காது மந்தம், நினைவு மட்டும் கத்தி. இங்கே நடக்கும் பேச்சைச் சொல்லி, தாத்தா டிக்கெட்டைத் தம்பிக்குக் கொடுத்தாரே, எந்தத் துறைமுக வாசல் என்று கேட்டேன். மூன்று முறை காதருகில் கத்த வேண்டியிருந்தது.

"என்ன டிக்கெட்?" என்றார்.

டிக்கெட்டே இல்லையாம். தாத்தா எங்கும் நடக்கவும் இல்லையாம். குண்டு விழுந்த மறுநாள் குடும்பத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பர்மியக் கிராமத்துக்குப் போய், தெரிந்த நெல் வியாபாரி வீட்டுப் பின்கட்டில் யுத்தம் முடியும் வரை இருந்தார்களாம். சின்னத் தாத்தா யுத்தத்துக்கு முந்தைய வருடமே கல்யாணத்துக்காக ஊருக்குப் போய், பெண் வீட்டோடு தங்கிவிட்டாராம். அழவெல்லாம் இல்லை, புதுச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே கப்பலேறினாராம்.

"உன் அப்பனுக்கு அப்போது ஐந்து வயது. அவனுக்கு என்ன தெரியும்? பதினாறு வயதில் கொட்டகைக்குப் போய் அந்தப் படத்தை ஏழு தடவை பார்த்தான். அதற்குப் பிறகுதான் இந்தக் கதையெல்லாம்."

அப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது. அவர் பொய் சொல்கிறவர் அல்ல. சட்டைப் பையைத் தட்டிக் காட்டும்போது கண் கலங்கும், அது நடிப்பல்ல. ஏழு தடவை பார்த்ததில் எந்தத் தடவையில் அது எங்கள் வீட்டுக் கதையாக மாறியது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

21 ஜூலை இரவு நான் எழுதியதில் கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். வேண்டாம், இருக்கட்டும்.

2 செப்டம்பர்

தம்பிக்குக் கொண்டாட்டம். "உங்கள் வாதமே போய்விட்டதே மாமா" என்கிறார். போகவில்லை. ஒரு நடிகர் மிகையாக நடித்தார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அந்த நடிப்பு ஒரு குடும்பத்துக்குள் புகுந்து தாத்தாவையே மாற்றி உட்கார வைத்துவிட்டது என்று நான் சொல்கிறேன். இதில் யார் பக்கம் வலு என்று எனக்கு இப்போது தெரியவில்லை. ஆனாலும் உங்கள் பக்கம் இல்லை.

பட்டியல் கேட்டவருக்கு: கட்டபொம்மனுக்காக 1960-இல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர். 1964-இல் நூறாவது படம் நவராத்திரி, ஒன்பது வேடம். 1966 பத்மஸ்ரீ, 1984 பத்மபூஷண், 1995-இல் பிரான்சின் செவாலியே, பிறகு தாதா சாகேப் பால்கே. சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒருமுறைகூடக் கிடையாது. தேவர் மகனுக்குக் கொடுத்த சிறப்பு விருதை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. போதுமா?

15 செப்டம்பர்

ஒரு விஷயத்தில் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

தில்லானா மோகனாம்பாளை (1968) மறுபடி பார்த்தேன். நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி பிடித்திருப்பது வெறும் குழல். ஆனால் கன்னம் உப்புவதும் விரல் துளையை மூடுவதும், சீவாளியை உதட்டில் வைப்பதற்கு முன் நாக்கால் நனைப்பதும் பாருங்கள். எங்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஊரிலிருந்து வந்த நாதஸ்வரக்காரர் அந்தக் காட்சியைப் பற்றிச் சொன்னார்: "எங்கள் ஆட்களிலேயே சிலர் இவ்வளவு சரியாகப் பிடிக்க மாட்டார்கள்." இங்கே மிகை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் அதே வாரம் 'முதல் மரியாதை'யும் பார்த்தேன். 1985, பாரதிராஜா. அதில் அவர் சும்மா இருக்கிறார். வயல்காட்டு வெளிச்சத்தில், நரைத்த மீசையோடு, நடக்கிறார், உட்காருகிறார், பார்க்கிறார். அவருக்குப் பாடியதும் டி.எம். சௌந்தரராஜன் அல்ல, மலேசியா வாசுதேவன். பழைய சிவாஜியைத் தேடிக்கொண்டு போய் உட்கார்ந்த எங்கள் வீடியோ கொட்டகை ஆட்கள் அன்று அரை மணி நேரம் முணுமுணுத்தார்கள். பிறகு சத்தமே இல்லை. இந்த அமைதி அவரிடம் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறது என்றால், நடுவில் வந்த எத்தனையோ படங்களில் யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. எழுபதுகளில் வந்த சிலவற்றை என்னாலேயே இப்போது முழுதாகப் பார்க்க முடிவதில்லை. பெயர் சொல்ல மாட்டேன், பெகு பெரியவர் மறுபடி கூப்பிடுவார்.

1 அக்டோபர்

பிறந்த நாள். கோயில் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பராசக்தி போடலாம் என்று நினைத்திருந்தேன். மின்சாரம் போய்விட்டது. பிள்ளைகள் பந்து விளையாடப் போய்விட்டார்கள்.

மாலையில் நோட்டை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அக்காவின் மகள் தன் கைபேசியில் நீதிமன்றக் காட்சியைப் போட்டு அத்தை முன்னால் பிடித்தாள். உள்ளங்கை அளவு திரை, கொசு பாடுவது மாதிரி சத்தம். வேறு யாரோ பேசும்போதெல்லாம் அத்தை "என்ன சொல்கிறான், என்ன சொல்கிறான்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். குணசேகரன் கூண்டில் ஏறிப் பேசத் தொடங்கியதும் நச்சரிப்பு நின்றது. கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்திருந்தார், அதையும் எடுத்துவிட்டார்.

"இவன் பேசுவது கேட்கிறது" என்றார்.

நான் நோட்டில் வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டே போனேன். அக்கா பெருக்கல் குறி போட்ட இரண்டு இடங்களில் சிவாஜி மூச்சே வாங்கவில்லை. நாடா அங்கே வெட்டுப்பட்டிருக்க வேண்டும்.

தம்பிக்குச் சொல்லலாம் என்று ஆசையாக அத்தையிடம் கேட்டேன், எப்படி நடித்திருக்கிறார் என்று. பதில் வரவில்லை. ஞானசேகரன் வருவதற்குள் தூங்கியிருந்தார்.